ஏற்காட்டில் ஜன்னல் ஏன் வேர்க்கிறது

கார்த்திகை பிறந்துவிட்டால் ஏற்காட்டில் பல வீடுகளில் காலையில் காபிக்கு முன்பே நடக்கும் வேலை ஜன்னல் துடைப்பது. கண்ணாடி வெளுத்துப்போய் வெளியே நிற்கும் சில்வர் ஓக் மரம்கூடத் தெரியாது. சற்று நேரத்தில் துளிகள் ஒன்றுசேர்ந்து கோடுகோடாக வழிந்து, கீழ்ச்சட்டத்தில் தேங்கி, சுவர்ப்பூச்சில் இறங்கும். தை முடிவதற்குள் ஜன்னலின் கீழ்மூலைகளில் கரும்புள்ளி படர்ந்திருக்கும்.

“வெளிப்பனி உள்ளே இறங்குது” என்று சொல்பவர்கள் நிறைய. ஆனால் கண்ணாடியின் உட்பக்கம் நிற்கும் தண்ணீர், அறைக்குள் இருந்த காற்றிலிருந்து வந்தது. அதில் பெரும்பகுதியை நாமே உண்டாக்கியிருக்கிறோம். இதை ஒப்புக்கொள்ளாத வரை ஜன்னலை எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் நிலைமை மோசமாகத்தான் போகும்.

முதலில் விரலால் தேய்த்துப் பாருங்கள். உள்ளிருந்து தேய்த்ததும் கோடு விழுந்தால் ஈரம் அறைக்குள் இருக்கிறது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியது. வெளியிலிருந்து தேய்த்தால்தான் கோடு விழுகிறது என்றால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்திருக்கிறது. சேலத்தில் மழைக்கால இரவுகளில் ஏசியை 18-ல் வைத்துத் தூங்கும் வீடுகளில் இதைப் பார்க்கலாம். ஏசியை 25, 26-க்கு ஏற்றி, காற்று நேராகக் கண்ணாடியில் அடிக்காமல் திருப்பிவிட்டால் போய்விடும். எந்தப் பக்கம் தேய்த்தும் அழியவில்லை, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் நிற்கிறது என்றால் டபுள் கிளாஸின் சீல் போய்விட்டது. அதைத் துடைக்க வழியில்லை, அந்தக் கண்ணாடித் தொகுதியையே மாற்ற வேண்டும்.

இனி கணக்கு. காற்று எவ்வளவு சூடோ அவ்வளவு நீராவியைத் தாங்கும். ஒரு கன மீட்டர் காற்று 10 டிகிரியில் 9.4 கிராம், 15 டிகிரியில் 12.8 கிராம், 20 டிகிரியில் 17.3 கிராம், 30 டிகிரியில் 30 கிராம் வரை தாங்கும். இருக்கும் நீராவியைத் தாங்க முடியாத அளவுக்குக் காற்று குளிர்ந்தால் மிச்சம் நீராகப் பிரியும். அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். அறையில் முதலில் குளிர்வது கண்ணாடி, அலுமினியச் சட்டம் இருந்தால் அதற்கும் முன்னால் சட்டம்.

அறைக்குள் 20 டிகிரி, வெளியே 12 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மார்கழி இரவில் ஏற்காட்டில் இது சாதாரணம். ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் ஏறக்குறைய 14 டிகிரியில் இருக்கும். அறையின் ஈரப்பதம், அதாவது காற்று தாங்கக்கூடியதில் இருக்கும் நீராவியின் பங்கு, 69 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் கண்ணாடி வேர்க்கத் தொடங்கும். அதே இடத்தில் நல்ல டபுள் கிளாஸ் இருந்தால் உட்புறம் 17 டிகிரி, வேர்க்க 83 சதவீதம் வேண்டும். செய்யக்கூடிய வைத்தியம் எல்லாம் இந்த இரண்டு எண்களுக்குள் அடங்கும்: ஈரத்தைக் குறைப்பது, அல்லது கண்ணாடியின் உட்புறத்தைச் சூடாக வைப்பது.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு 1,500 மீட்டர். நடுவில் இருப்பது 20 கொண்டை ஊசி வளைவு மட்டும் என்பதால் சேலத்து வீட்டின் ஜன்னலையே மலைக்கும் ஆர்டர் செய்துவிடுகிறார்கள். அலுமினிய ஸ்லைடிங், 4 அல்லது 5 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடி, தரையிலிருந்து கூரை வரை. வ்யூ அருமைதான். ஆனால் அத்தனை சதுர அடியும் இரவெல்லாம் வேர்க்கும்.

ஈரப்பதமானி ஒன்று வாங்கிவிடுங்கள், முடிந்தால் இரண்டு. சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் கிடைக்கிறது, ஆனால் மலிவானவை 5 சதவீதம் முன்னே பின்னே காட்டும். சரிபார்க்க ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பு நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மானியையும் காற்றுப் புகாத டப்பாவிலோ ஜிப் கவரிலோ வைத்து, வெயில் படாத இடத்தில் 10, 12 மணி நேரம் விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மானி 79 காட்டினால் இனிமேல் எப்போதும் 4 கழித்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் படுக்கையறையில், வெளிச்சுவரிலிருந்து தள்ளி, இடுப்பு உயரத்தில் வையுங்கள். மற்றொன்று வாசலில் மழை படாத இடத்தில்.

அவ்வளவு ஈரம் எங்கிருந்து வருகிறது? முதல் ஆள் தூங்குகிற நாம்தான். ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக மணிக்கு ஏறக்குறைய 40 கிராம் நீரைக் காற்றில் விடுகிறார். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி, பத்தடி உயர அறை என்றால் சுமார் 41 கன மீட்டர். 18 டிகிரியில் அந்த அறையின் காற்று மொத்தமாகத் தாங்குவதே 630 கிராம். படுக்கும்போது 60 சதவீதம் ஈரப்பதம் என்றால் மிச்ச இடம் 250 கிராம். கதவும் ஜன்னலும் இறுக்கமாக மூடிய அறையில் இரண்டு பேர் மூன்று மணி நேரம் தூங்கினால் அது நிறைந்துவிடும். பத்து மணிக்குப் படுத்தால் ஒரு மணிக்கு. அதற்குப் பிறகு விடும் மூச்செல்லாம் கண்ணாடிக்கும் மெத்தைக்கும் துணி அலமாரியின் பின்பலகைக்கும் போகிறது.

அடுத்தது சமையல் கேஸ். கொதிக்கும் குழம்பின் ஆவி கண்ணுக்குத் தெரியும். அடுப்பின் நீலச் சுடரிலிருந்து வரும் ஆவி தெரியாது. ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் சுமார் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று முழுதும் எரிந்தால் 22 லிட்டருக்கு மேல். மாதம் ஒரு சிலிண்டர் ஆகும் வீட்டில், அடுப்பில் ஒன்றுமே வைக்காமல் எரித்தாலும் நாளுக்கு முக்கால் லிட்டர் சேரும். இட்லி ஆவி, குக்கர் விசில், வெந்நீர்க் குளியல் எல்லாம் அதற்கு மேல்.

துணி காயப்போடுவதுதான் பெரிய குற்றவாளி. பனிமூட்டம் விலகாத வாரத்தில் வேறு வழியில்லாமல் ஹாலில் கொடி கட்டுவோம். மெஷினில் பிழிந்த ஐந்து கிலோ துணியிலும் 2 லிட்டருக்குக் குறையாமல் நீர் இருக்கும். வீட்டுக்குள்தான் காய வேண்டும் என்றால் குளியலறையில் கொடி கட்டி, கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுங்கள். ஸ்பின்னை இரண்டாவது முறை ஓட்டுவது காற்றிலிருந்து ஈரத்தைப் பிரிக்கும் எந்த டிஹியூமிடிஃபையர் மெஷினையும் விட மலிவு.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. காபிப் பறிப்பும் வேர்க்கும் பருவமும் ஒரே நேரத்தில் வருகின்றன. களத்தில் வெயில் இல்லை, மழை தூறுகிறது என்று ஈரப் பார்ச்மெண்டை (பழத்தோல் நீக்கிக் கழுவிய, உள்தோல் போகாத காபிக்கொட்டை) அள்ளி வந்து வீட்டின் ஓர் அறையில் பரப்புவது சிறு தோட்டக்காரர்களிடம் வழக்கம். கழுவி வடித்த பார்ச்மெண்டில் பாதிக்கு மேல் தண்ணீர். 100 கிலோவை 11 சதவீத ஈரத்துக்குக் காயவைத்தால் 45 லிட்டருக்கு மேல் ஆவியாகப் போக வேண்டும். அது படுக்கையறைக்கு அடுத்த அறையில் நடந்தால் ஜன்னலைத் துடைத்து மாளாது. காபிக்கும் நல்லதில்லை, பூஞ்சை வாசனை ஏறும்.

புது வீடு கட்டிய முதல் குளிர்காலம் தனிக்கதை. கான்கிரீட்டிலும் பூச்சிலும் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் இருக்கும், அது முழுக்க வெளியேற ஓராண்டுக்கு மேல் ஆகலாம். அந்த ஆண்டு ஜன்னல் அதிகமாக வேர்த்தால் உடனே பயந்து கண்ணாடியை மாற்ற வேண்டாம். அடுத்த குளிரையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

இப்போது, எல்லோரும் சண்டை போடும் விஷயம்: பனிமூட்டத்தில் ஜன்னலைத் திறக்கலாமா? குளிர்நாட்டு யூடியூப் வீடியோக்கள் எல்லாம் “திற” என்கின்றன. அங்கே வெளிக்காற்று 2 டிகிரி, 3 டிகிரி. அதில் நீராவி மிகக் குறைவு, உள்ளே வந்து சூடானதும் வறண்டுவிடும். வீடு முழுக்க ஹீட்டரும் ஓடுகிறது. ஏற்காட்டில் குளிரும் ஈரமும் ஒன்றாக வருகின்றன, ஹீட்டர் வைத்த வீடுகள் குறைவு. அதனால் அந்த அறிவுரையை அப்படியே எடுக்க முடியாது. “பனி உள்ளே வந்துவிடும், திறக்கவே கூடாது” என்பதும் பாதிதான் சரி.

வெளியே 13 டிகிரி, பனிமூட்டம், ஈரப்பதம் 100. அந்தக் காற்றின் ஒரு கன மீட்டரில் 11.3 கிராம் நீராவி. மூட்டமாகத் தெரியும் நுண்துளிகளின் எடை இதோடு ஒப்பிட்டால் அற்பம். நாலு பேர் தூங்கி எழுந்த அறையில் 18 டிகிரி, 85 சதவீதம் என்றால் 13.1 கிராம். அதாவது உள்ளே இருப்பதுதான் அதிகம். பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்றை மாற்றினால், சுவரும் தரையும் இன்னும் கதகதப்பாக இருப்பதால், காற்று மறுபடி 18-க்கு ஏறும்போது ஈரப்பதம் 73-க்கு வந்து நிற்கும். நல்ல லாபம். ஆனால் அறையே 15 டிகிரியில் இருந்தால் 90 சதவீதத்திலும் 11.5 கிராம்தான் இருக்கும். திறந்து ஒரு பயனும் இல்லை, போர்வைதான் சில்லிடும்.

ஆகவே இரண்டு மானிகளின் வெப்பநிலையைப் பாருங்கள். உள்ளே வெளியைவிட 5 டிகிரி கூட இருந்தால் பனிமூட்டத்திலும் பத்து நிமிடம் அகலத் திறக்கலாம். வித்தியாசம் 3 டிகிரிக்குள் என்றால் சாத்தியே வைத்து வெயிலுக்குக் காத்திருங்கள். வெயில் விழும் நாளில் 11 மணியிலிருந்து 3 மணி வரை எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள், மெத்தையைத் தூக்கி நிறுத்துங்கள், அலமாரிக் கதவுகளையும் திறந்து வையுங்கள். பொழுது சாய்வதற்கு முன் மூடுவது முக்கியம். சுவர் பிடித்த சூட்டை இரவுக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

இரவில் ஜன்னலின் மேல்பக்கம் ஓர் அங்குலம் திறப்பு இருப்பது நல்லது. பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேலே இருந்த வெண்டிலேட்டர் இந்த வேலையைத்தான் செய்தது. ஓடு வேய்ந்த பழைய பங்களாக்களில் கணப்பு எரிய எரிய ஈரக்காற்றும் புகைபோக்கி வழியே போய்க்கொண்டிருந்தது. எலி வருகிறது என்று புகைபோக்கியைப் பலகை வைத்து அடைத்துவிட்டு, அறை ஓதம் காக்கிறது என்று வருந்துபவர்கள் அந்தப் பலகையில் கம்பிவலை வைத்த ஒரு துளை போட்டாலே பாதி தீரும்.

எக்ஸாஸ்ட் ஃபேன்: சமையலறைக்கு 9 அங்குலம், குளியலறைக்கு 6 அங்குலம் போதும். அடுப்பைப் பற்றவைக்கும்போதே போட்டு, அணைத்த பிறகும் 20 நிமிடம் ஓட வேண்டும். குளியலறையிலும் அப்படியே, கதவு சாத்தியிருக்க வேண்டும். கதவுக்கு அடியில் அரை அங்குலமாவது இடைவெளி இல்லையென்றால் ஃபேன் சுற்றும், காற்று நகராது. ஒரு டிஷ்யூ தாளை ஃபேன் வலையில் வையுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் இழுக்கிறது, விழுந்தால் காற்று வர வழியில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குளிருகிறது என்று கரி அடுப்பையோ கனல் சட்டியையோ மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, ஆளை எழுப்பாமலே கொன்றுவிடும். கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டுவதும் அதே ஆபத்து. அதை வெளிச்சுவரில் மாட்டி, குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். சூடு வேண்டுமென்றால் எண்ணெய் நிரப்பிய மின் ரேடியேட்டர் சிறந்தது. அது காற்றில் ஈரம் சேர்க்காது. கேஸ் ஹீட்டர் அறையைச் சூடாக்கிக்கொண்டே தண்ணீரையும் ஊற்றுகிறது.

திரைச்சீலையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கனமான திரையை இழுத்துவிட்டால் குளிர் குறையும், உண்மை. ஆனால் அறைச்சூடு கண்ணாடியை எட்டாததால் கண்ணாடி இன்னும் குளிர்ந்து, காலையில் இரட்டிப்பாக வேர்த்திருக்கும். மேலும் கீழும் நாலு விரற்கடை இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள், விடிந்ததும் முழுக்க ஒதுக்குங்கள். சீலிங் ஃபேனைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டாலும் கண்ணாடி ஓரளவு காய்ந்தே இருக்கும். பீரோவை வெளிச்சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வைப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

துடைப்பதிலும் முறை இருக்கிறது. நாலுக்கு நாலு அடி ஜன்னலில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு நீர் படிந்தால் 150 மில்லி, ஒரு டம்ளர். அதைத் துணியால் துடைத்து அந்தத் துணியை அதே அறையில் நாற்காலி மேல் போட்டால், மத்தியானத்துக்குள் அந்த டம்ளர் தண்ணீர் காற்றுக்குத் திரும்பிவிடும். ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழாக இழுத்து, அடியில் மைக்ரோஃபைபர் துணியில் வாங்கி, வெளியே கொண்டுபோய்ப் பிழிந்து அங்கேயே காயப்போடுங்கள்.

பாத்திரம் கழுவும் லிக்விட் நாலைந்து சொட்டைக் கால் லிட்டர் தண்ணீரில் கலந்து பூசி, காய்ந்த துணியால் தேய்த்து எடுத்தால் கண்ணாடி மங்காது. நீர் துளியாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவுவதால் பார்வை தெளிவாக இருக்கும். சில நாள் தாங்கும். ஆனால் படியும் நீரின் அளவு குறையவில்லை, சட்டத்தில் இறங்குவதும் நிற்கவில்லை. வ்யூவுக்காக அறை விடுபவர்களுக்கு உதவும், வீட்டுக்கு உதவாது.

ஸ்லைடிங் ஜன்னல் டிராக்கின் வெளிப்பக்கம் அடியில் சிறு ஓட்டைகள் இருக்கும், தேங்கும் நீர் வெளியேற. பாதி வீடுகளில் பூச்சு வேலை செய்தவர் சிமெண்டால் அடைத்திருப்பார், மீதியை ஜன்னல் மாட்டியவர் சிலிக்கானால் அடைத்திருப்பார். டிராக்கில் ஒரு மக் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஓரிரண்டு நிமிடத்தில் வெளியே வடிந்துவிட வேண்டும். வடியாவிட்டால் கம்பியால் குத்தித் திறங்கள். மரச்சட்டமாக இருந்தால் கீழ்க்கட்டையும் கண்ணாடியைப் பிடிக்கும் பீடிங் பட்டியும் சேரும் மூலையை நகத்தால் அழுத்துங்கள். நகம் இறங்கினால் உளுப்பு தொடங்கிவிட்டது. வெயில் நாளில் காயவிட்டு, எமரி போட்டு, பிரைமர் ஒரு கோட், எனாமல் இரண்டு கோட் அடிக்க வேண்டும். கட்டையின் அடிப்பக்கத்தையும் விடக்கூடாது, அதுதான் முதலில் ஊறும்.

கரும்பூஞ்சைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தெளித்து, பத்து நிமிடம் விட்டு, துடைத்துக் காயவையுங்கள். ப்ளீச் அலுமினியத்தை அரிக்கும், மரத்தில் மேலோடு வெளுக்க மட்டும் செய்யும். ப்ளீச்சையும் வினிகரையும், அல்லது ப்ளீச்சையும் டாய்லெட் ஆசிடையும் சேர்த்தால் குளோரின் வாயு வரும், கிட்டேயே போக வேண்டாம். சிலிக்கானுக்குள் கறுப்பு ஊறிவிட்டால் பிளேடால் அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழி. கடையில் நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள். வினிகர் வாசனை அடிப்பது அலுமினியத்துக்கும் டபுள் கிளாஸ் ஓரத்துக்கும் ஆகாது.

டிஹியூமிடிஃபையர் வாங்குபவர்கள் பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை நம்பி ஏமாறுகிறார்கள். கம்ப்ரெஸர் வகைக்கு அந்தக் கணக்கு பொதுவாக 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் எடுத்தது. 15 டிகிரி அறையில் அதில் பாதிகூடக் கிடைக்காது, காயிலில் பனி கட்டி மெஷின் அடிக்கடி நின்று நின்று ஓடும். மலைக்கு டெசிகண்ட் ரோட்டர் வகை, அதாவது ஈரம் உறிஞ்சும் சக்கரம் சுழலும் வகை, பொருந்தும். மின்செலவு கூட, ஆனால் அந்தச் செலவு சூடாக அறைக்கே திரும்புகிறது. இரண்டு மூன்று ஆயிரத்துக்கு வரும் கம்ப்ரெஸர் இல்லாத சின்ன பெல்டியர் டப்பாக்கள் குளிரில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தராது. கால்சியம் குளோரைடு டப்பா அலமாரிக்குள் வைக்க மட்டும். அதில் சேரும் நீர் சிந்தினால் இரும்பும் கல்தரையும் பாழ்.

கண்ணாடியை மாற்ற வசதியில்லாதவர்கள் ஜன்னலின் உட்பக்கம் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட்டைக் காந்தப் பட்டையால் ஒட்டலாம், நடுவில் 12 முதல் 20 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு. அறைப்பக்கத்து ஷீட் நான்கு ஓரமும் இறுக்கமாக இருக்க வேண்டும், வெளிக்கண்ணாடி கொஞ்சம் காற்று கசியலாம். மாறிப்போனால் அறைக்காற்று நடுவில் புகுந்து அங்கே வேர்க்கும்.

டபுள் கிளாஸ் போடுவதாக இருந்தால் 5-12-5 போதுமானது: ஐந்து மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு, நடுவில் பன்னிரண்டு இடைவெளி. சட்டம் யுபிவிசி அல்லது மரம். சாதா அலுமினியச் சட்டத்தில் டபுள் கிளாஸ் போட்டால் கண்ணாடி காய்ந்திருக்கும், சட்டம் வேர்க்கும். இன்னொரு விஷயத்தைப் பெரும்பாலான விற்பனையாளர்கள் சொல்வதில்லை. சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் வளைவு ஏற ஏற உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். சமவெளி ஃபேக்டரியில் சீல் செய்த டபுள் கிளாஸும் அப்படித்தான். 1,500 மீட்டரில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. கண்ணாடிகள் வெளிப்புறமாக வளைந்து, ஓரத்து சீல் நாள் முழுக்க இழுபட்டே இருக்கும். சில ஆண்டுகளில் சீல் விட்டு நடுவில் மூட்டம் கட்டுவதற்கு மலைவீடுகளில் இது ஒரு முக்கியக் காரணம்.

இதற்கு ஆர்டர் கொடுக்கும்போதே கேபிலரி டியூப் வைக்கச் சொல்ல வேண்டும். ஓரச் சட்டத்தில் முடி போன்ற நீண்ட மெல்லிய குழாய் ஒன்று, அழுத்தம் அதன் வழியே மெதுவாகச் சமமாகும். அதை மாட்டும்போது மடக்கவோ சிலிக்கானால் அடைக்கவோ கூடாது. இன்னொரு வகை பிரீதர் டியூப். அதை மேலே கொண்டுவந்து ஒரு நாளாவது வைத்து, அழுத்தம் சமமான பிறகு நசுக்கி சீல் செய்துவிட வேண்டும். எது என்று பில்லில் எழுதி வாங்குங்கள், ஏனென்றால் மாட்ட வருபவருக்கு அது தெரிந்திருக்காது. கண்ணாடிகளுக்கு நடுவில் நிரப்பித் தரும் ஆர்கான் வாயு டியூப் வழியாகப் போய்விடும் என்பதால் அந்த வாயுவுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.